கேமரா வழியாக வாசனை வராது

ஒருவர் குடித்துவிட்டு வந்திருக்கிறாரா என்பது அவர் கதவைத் திறக்கும்போதே எனக்குத் தெரிந்துவிடும். 14 வருடமாகப் போதை மீட்பு ஆலோசகராக இருப்பவனின் மூக்கு அது. அதனால் வீடியோவிலும் சாட்டிலும் கிளையன்ட்டுகளைப் பார்க்க எல்லோரும் பயிற்சி எடுத்தாக வேண்டும் என்று மையத்தில் சொன்னபோது எரிச்சல்தான் வந்தது. வீடியோ கால் பேச எதற்குப் பயிற்சி? என் அம்மாவே தினமும் பேசுகிறார்.

8 வாரம், வாரத்துக்கு ஒரு மாலை. முதல் வகுப்பு முழுக்கக் கடவுச்சொல், பதிவேடு, ஒப்புதல் படிவம். எல்லாம் தேவைதான், எழுத ஒன்றுமில்லை. சொந்த எண்ணிலிருந்து கிளையன்ட்டுக்கு வாட்ஸ்அப் அனுப்பக் கூடாது என்று சொன்னபோது மட்டும் தலையைக் குனிந்துகொண்டேன். அதுவரை அதைத்தான் செய்துகொண்டிருந்தேன். வகுப்பு முடியும்போது, "ஆளை நேரில் பார்க்காம என்ன கவுன்சலிங் சார்?" என்று கேட்டேன். பயிற்சியாளர் கோபப்படவில்லை. 1953-இல் லண்டனில் சாட் வாரா என்ற பாதிரியார், தற்கொலை எண்ணத்தில் இருப்பவர்களுக்காக ஒரு தொலைபேசியை வைத்துக்கொண்டு உட்கார்ந்ததைச் சொன்னார். அழைப்பவரின் முகம்கூட அவருக்குத் தெரியாது. சரி என்று வாயை மூடிக்கொண்டேன்.

இரண்டாம் வாரம் ரோல் பிளே. ஒருவர் கிளையன்ட்டாக நடிக்க இன்னொருவர் ஆலோசகர். பிறகு பதிவை எல்லோருமாகப் பார்ப்போம். என் பதிவைப் பார்த்தபோது எங்கேயாவது ஓடிவிடலாம் போலிருந்தது. திரையில் தெரியும் முகத்தைப் பார்த்துப் பேசினேன். எதிரில் இருப்பவருக்கு நான் மேஜையைப் பார்ப்பதுபோல் தெரிகிறது. நடுநடுவே கண் திரையின் மூலைக்குப் போகிறது. அங்கே என் முகம்! திரையில் கிளையன்ட் தெரியும் ஜன்னலை இழுத்துக் கேமராவுக்கு நேர் கீழே வைக்கவும், என் முகத்தை மறைத்துவிடவும் அன்றுதான் கற்றேன்.

அதைவிடப் பெரிய அடி, மௌனம். அறையில் என்னுடைய பலமே அதுதான். அவர் சொல்லி முடித்ததும் பேசாமல் இருப்பேன். சொல்லாமல் விட்டது தானாக வரும். வீடியோவில் 5 விநாடி பேசாமல் இருந்தால், "சார், கேக்குதா? லைன் போயிடுச்சா?" என்கிறார்கள். அழ வந்தவர்கூட அழுகையை விட்டுவிட்டு நெட்வொர்க்கைச் சரிபார்க்கிறார். அதனால் மௌனத்தைச் சொல்லிவிட்டு மௌனமாக இருக்க வேண்டியிருக்கிறது: "நீங்க சொன்னதை யோசிச்சுட்டிருக்கேன், அவசரமில்லை." முதலில் நாடகத்தனமாகப் பட்டது. இப்போது வாயில் தானாக வருகிறது.

சாட் எனக்குக் கடைசிவரை முழுதாக வசப்படவில்லை. "சரி." என்று புள்ளி வைத்து அனுப்பினேன். கிளையன்ட்டாக நடித்த நர்ஸ், "கோபமா சார்?" என்று திருப்பி அனுப்பினார். இன்னொரு பதிவில் வரிசையாக 9 கேள்வி கேட்டிருந்தேன். படித்தால் போலீஸ் விசாரணை. உளவியலாளர் வில்லியம் மில்லர் 1983-இல் எழுதிய கட்டுரையிலிருந்து வளர்ந்த ஊக்குவிப்பு நேர்காணல் முறை நாங்கள் அன்றாடம் செய்வதுதான். கேள்வியைக் குறைத்து, அவர் சொன்னதன் உள்ளர்த்தத்தை அவருக்கே திருப்பிச் சொல்வது. பேச்சில் குரல் பாதி வேலையைச் செய்துவிடுவதால் நான் சோம்பேறியாகியிருந்தேன். எழுத்தில் அது அப்பட்டமாகத் தெரிந்தது.

எழுத்தில் ஆட்கள் சீக்கிரம் திறந்துவிடுகிறார்கள் என்பதும் உண்மை. உளவியலாளர் ஜான் சூலர் 2004-இல் இதை விவரித்திருக்கிறார். முதல் நாளே எல்லாவற்றையும் கொட்டிவிட்டு, மறுநாள் கூச்சத்தில் காணாமல் போய்விடும் ஆபத்தும் அதில் உண்டு. அதனால் அங்கே சில சமயம் நாம்தான் வேகத்தைக் குறைக்க வேண்டும்.

ஐந்தாம் வாரத்தை மறக்க முடியாது. ஒவ்வொரு முறையும் தொடக்கத்தில் எங்கே இருக்கிறீர்கள், பக்கத்தில் யார், லைன் போனால் எந்த எண், அவசரத்துக்கு யாரை அழைக்கலாம் என்று கேட்கச் சொன்னார்கள். அவர் பக்கத்தில் வேறு ஆள் இருந்தால் 'ஆமாம், இல்லை' என்று முடிகிற கேள்விகளாகக் கேட்க வேண்டும். தெரிந்தவரிடம் தினமும் முகவரி கேட்பது எனக்கு அவமரியாதையாகப் பட்டது, கேட்கவில்லை. அன்றைய ரோல் பிளேயில் "கையில மாத்திரை இருக்கு" என்றார் எதிரில் நடித்தவர். அப்புறம் லைனைத் துண்டித்துவிட்டார். அவர் அடுத்த அறையில்தான் இருக்கிறார் என்று தெரியும். ஆனாலும் கை சில்லிட்டுப் போயிற்று. ஆம்புலன்ஸை எங்கே அனுப்புவது?

மனச்சோர்வுக்கான பிஎச்க்யூ-9 படிவத்தைக் காகிதத்தில் எத்தனையோ முறை நிரப்ப வைத்திருக்கிறேன். அதன் ஒன்பதாம் கேள்வி, செத்துப்போனால் நல்லது என்ற எண்ணம் வருகிறதா என்பது. அறையில் அவர் எந்தக் கட்டத்தில் குறி போடுகிறார் என்பதைப் பார்த்துக்கொண்டே இருப்பேன். இணையத்தில் அனுப்பினால் இரவு 2 மணிக்கு நிரப்புவார். யார் படிப்பது, எப்போது? அது முடிவாகாமல் படிவத்தை அனுப்பக் கூடாது.

குடியைத் திடீரென நிறுத்தியவர்களிடம் இன்னும் கவனம் வேண்டும். கடைசியாகக் குடித்த 6 முதல் 48 மணி நேரத்துக்குள் வலிப்பு வரலாம். 2 நாளுக்குப் பிறகு, மனம் குழம்பி இல்லாததெல்லாம் தெரிகிற பிதற்றல் நிலை வரலாம். கையை நீட்டச் சொன்னால் நடுக்கம் கையிலா படத்திலா என்று மங்கலான வீடியோவில் தெரியாது. முன்பு வலிப்பு வந்தவர், தனியாக இருப்பவர் என்றால் திரையில் பேசிக்கொண்டிருக்காமல் மருத்துவமனைக்கு அனுப்ப வேண்டும்.

பயிற்சி முடிந்த பிறகு முதல் கிளையன்ட், ஏற்கெனவே நேரில் வந்துகொண்டிருந்தவர். எங்கே இருக்கீங்க என்று கேட்டேன். "வீட்ல பேச முடியாது சார், வெளியே காருக்குள்ள இருக்கேன்."

"இன்னிக்குக் குடிச்சீங்களா?"

அறையில் இதை நான் அவரிடம் ஒருமுறைகூடக் கேட்டதில்லை. எனக்கு வாசனை தெரியும், தெரியும் என்று அவருக்கும் தெரியும், இரண்டு பேரும் தெரியாததுபோல் பேசுவோம். அவர் கொஞ்ச நேரம் கண்ணாடிக்கு வெளியே பார்த்தார்.

"ரெண்டு ரவுண்டு."

"எந்த சீட்ல இருக்கீங்க?"

"டிரைவர் சீட்டுதான்."

சாவியை யாரிடம் கொடுக்கலாம் என்று கேட்டேன். மனைவியிடம் என்றார். போனைக் கையில் பிடித்தபடியே இறங்கி நடந்தார்; வானம், சுவர், செருப்பு என்று படம் ஆடியது. பிறகு மனைவியின் கை வந்து சாவியை வாங்கிக்கொண்டது. மீதி 30 நிமிடத்தை மொட்டை மாடியில் உட்கார்ந்து பேசி முடித்தோம்.