ஊறின டிஸ்க்கும் 15 புள்ளிக் கோலமும்

போன மார்கழியில் ஒரு விடியற்காலை, 15 புள்ளிக் கோலத்துக்கு ஏழாவது வரிசைப் புள்ளி வைக்கும்போது இடுப்பு பிடித்துக்கொண்டது. நிமிரவும் முடியவில்லை, உட்காரவும் முடியவில்லை. கோலமாவுக் கிண்ணத்தோடு வளைந்து நின்றவளைப் பால்காரர்தான் பார்த்து உள்ளே குரல் கொடுத்தார்.

எனக்கு 48 வயது. எடை குறைக்க வேண்டும் என்று இரண்டு மாதமாகத்தான் உடற்பயிற்சி. எழுந்ததும் கோலம். அது முடிந்ததும் மொட்டைமாடியில் குனிந்து கால் கட்டைவிரலைத் தொடுவது 20 முறை, அப்புறம் சிட்-அப் 20. எல்லாம் ஆறு மணிக்குள். அதில் பெருமை வேறு.

கால் மரத்துப்போகிறதா, சிறுநீர் போவதில் சிரமமா என்று டாக்டர் கேட்டார். இரண்டும் இல்லை. எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுக்கலாமா என்று நானாகக் கேட்டேன். வலியே இல்லாத 50 வயதுக்காரர்களை எடுத்துப் பார்த்தாலும் பாதிப் பேருக்கு மேல், முதுகெலும்புகளுக்கு நடுவே மெத்தை மாதிரி இருக்கும் டிஸ்க் பிதுங்கித்தான் தெரியும், இப்போதைக்கு வேண்டாம் என்று பிசியோதெரபிக்கு அனுப்பிவிட்டார்.

அங்கே பயிற்சி சொல்லிக்கொடுத்த பெண்ணுக்கு என் மகள் வயதிருக்கும். "காலையில எழுந்ததும் என்ன செய்வீங்க ஆன்ட்டி?" என்றாள். சொன்னேன். சிரித்துவிட்டாள். ராத்திரி படுத்திருக்கும்போது டிஸ்க், ஊறவைத்த கொண்டைக்கடலை மாதிரி தண்ணீரை இழுத்து உப்பிக்கொள்ளுமாம். காலையில் நாம் ஒரு செ.மீ. போல உயரமாக இருப்பதே அதனால்தான். அந்த நேரத்தில் குனிந்தால் டிஸ்க்கில் அழுத்தம் அதிகம். எழுந்து நடமாடினால் முதல் ஒரு மணி நேரத்திலேயே பெரும்பகுதி வடிந்துவிடும். நான் சரியாக அந்த ஒரு மணி நேரத்தைத்தான் குனிவதற்கென்று ஒதுக்கியிருக்கிறேன்!

சிட்-அப்பை நிறுத்தச் சொல்லிவிட்டு, கனடாவின் வாட்டர்லூ பல்கலைக்கழகத்தின் ஓய்வுபெற்ற பேராசிரியர் ஸ்டூவர்ட் மெக்கில் பரிந்துரைக்கும் மூன்று பயிற்சிகளைக் கற்றுக்கொடுத்தாள். எனக்குப் பிடித்தது ஒன்றுதான். குழந்தை தவழ்வது போல நின்று, வலது கையையும் இடது காலையும் நேராக நீட்டி 10 விநாடி. அப்புறம் மாற்றி. முதுகு ஆடுகிறதா என்று பார்க்க இடுப்பின் மேல் எவர்சில்வர் டம்ளரில் தண்ணீர் வைத்தேன். முதல் நாள் ஹால் முழுக்கத் தண்ணீர். மூன்றாவது வாரம் டம்ளர் நின்றது.

இப்போது எழுந்ததும் நடை. கோலம் ஏழு மணிக்கு, அதுவும் ஐந்து புள்ளிதான். "நாங்கல்லாம் இருட்டோட எழுந்து குனிஞ்சுதான் போட்டோம், எங்களுக்கு என்ன ஆச்சு?" என்கிறார் மாமியார், இடுப்பில் தைலம் தேய்த்துக்கொண்டே.