தண்ணி குடிக்கிற வீரா: செந்தூல் பட்டறை நாட்குறிப்பு

3 மார்ச் 2025, திங்கள்

புரோட்டான் வீரா 1.5 காடி (கார்), கார்புரேட்டர் இல்லாத பின்வந்த மாடல். எஞ்சின் சூடேறுகிறது, தண்ணீர் குறைகிறது என்று வந்திருக்கிறது. முன்பு பார்த்த இடத்தில் "கேஸ்கெட் போச்சு, டாப் ஓவர்ஹால் பண்ணணும்" என்று சொல்லி அனுப்பியிருக்கிறார்கள். (எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டுக்கும் அடிப்பாகமான பிளாக்குக்கும் நடுவிலுள்ள அடைப்புத் தகடுதான் கேஸ்கெட். ஹெட்டைக் கழற்றிச் செய்யும் வேலை டாப் ஓவர்ஹால்.) ஸ்பானரைத் தொடுவதற்கு முன் காடிக்காரரிடம் கேட்டது ஒன்றுதான்: "அண்ணே, சூடு காட்டுற முள் எப்ப ஏறுது?"

பாதி வேலை அந்தப் பதிலிலேயே முடிந்துவிடும். ஜேமில் நிற்கும்போது ஏறி, ஓட ஆரம்பித்ததும் இறங்கினால் காற்று போதவில்லை: ஃபேன், அதன் ஸ்விட்ச், ரிலே. நெடுஞ்சாலை வேகத்திலோ மேட்டிலோ ஏறினால் தண்ணீர் ஓட்டம் போதவில்லை: ரேடியேட்டர் அடைப்பு, பம்ப், கீழ் ஹோஸ். ஸ்டார்ட் செய்த சில நிமிடத்திலேயே ஏறினால் தெர்மோஸ்டாட் (சூடேறியதும் திறந்து தண்ணீரை ரேடியேட்டருக்கு விடும் வால்வு) திறக்கவில்லை, இல்லாவிட்டால் தண்ணீரே இல்லை. எப்போது ஏறும், எப்போது இறங்கும் என்று ஒரு கணக்கும் இல்லாமல் போனால்தான் கேஸ்கெட் மேல் சந்தேகம் வர வேண்டும்.

இவர் சொன்னது இரண்டு. மாலை ஐந்தரைக்கு, பசார் (சந்தை) பக்கம் ஊர்ந்து போகையில் ஏறுகிறது. காராக் நெடுஞ்சாலை ஏற்றத்திலும் ஏறுகிறது. அப்படியென்றால் கோளாறு ஒன்றல்ல. ஒன்றைச் சரிசெய்துவிட்டு "முடிந்தது" என்று சாவியைக் கொடுத்தால் காடி திரும்பி வரும்.

எஞ்சின் ஆறிய பிறகு ரேடியேட்டர் மூடியைத் திறந்தோம். (மேல் ஹோஸைக் கையால் அழுத்திப் பிடிக்க முடியாத சூட்டில் மூடியைத் தொடவே கூடாது. உள்ளே 100 டிகிரிக்கு மேல் அழுத்தத்தில் நிற்கும் தண்ணீர், திறந்த நொடியில் ஆவியாக முகத்தில் அடிக்கும்.) உள்ளே தேத்தாரே (பால் தேநீர்) நிறத்தில் துருத் தண்ணீர். கூலன்ட் வாசனைகூட இல்லை. நம்ம ஊரில் பனி உறையாது, கூலன்ட் எதற்கு என்று குழாய்த் தண்ணீரே ஊற்றி வந்திருக்கிறார்கள். கூலன்ட்டின் வேலை உறையாமல் தடுப்பது மட்டுமில்லை. இரும்பு பிளாக்கும் அலுமினிய ஹெட்டும் ஒரே தண்ணீரில் நிற்கும்போது ஒன்றை ஒன்று அரிக்காமல் காப்பதும் அதுதான்.

பிரஷர் டெஸ்டரில் மூடியை மாட்டிப் பார்த்தோம். மேலே 0.9 பார் (அழுத்த அளவு) என்று அச்சிட்டிருக்கிறது, 0.4இலேயே விட்டுவிட்டது. 0.9 அழுத்தம் நின்றால் வெறும் தண்ணீர்கூட 119 டிகிரி வாக்கில்தான் கொதிக்கும். அழுத்தம் நிற்காவிட்டால் 110க்கு முன்பே கொதித்து ஸ்பேர் டேங்க் வழியாக வெளியே தள்ளும். "தண்ணி குடிக்குது" என்று வரும் காடிகளில் முதலில் மாற்றிப் பார்க்க வேண்டிய மலிவான சாமான் இந்த மூடி. ஆனால் யாரும் அதைச் சந்தேகிப்பதில்லை.

பிறகு ரேடியேட்டர் கழுத்தில் டெஸ்டரை வைத்து 0.9 வரை பம்ப் செய்து பத்து நிமிடம் விட்டோம். 0.7க்கு இறங்கியது. கீழ் ஹோஸ் கிளிப் அடியில் ஒரு சொட்டு. வாட்டர் பம்ப் அடியிலுள்ள சின்னத் துளையிலிருந்து காய்ந்த செம்மண் நிறக் கோடு. அந்தத் துளை சும்மா வைத்ததல்ல. உள் சீல் தேய்ந்தால் தண்ணீர் பேரிங் பக்கம் போகாமல் அதன் வழியாக வெளியேறும். அங்கே கோடு தெரிந்தால் பம்பின் காலம் முடிந்தது.

4 மார்ச், செவ்வாய்

சாமான் வாங்குவதற்கு முன் கேஸ்கெட் கேள்வியை முடித்தாக வேண்டும். ஹெட் போயிருந்தால் மற்ற செலவெல்லாம் வீண்.

எண்ணெய்க் குச்சியில் பால் நிறம் இல்லை. ஆனால் அதை வைத்து மட்டும் தீர்ப்புச் சொல்லக்கூடாது. கேஸ்கெட் சிலிண்டருக்கும் தண்ணீர் வழிக்கும் நடுவில் கிழிந்திருந்தால் எண்ணெய் சுத்தமாகவே இருக்கும். குறுந்தூரம் மட்டும் ஓடும் நல்ல காடியிலும் எண்ணெய் மூடிக்கு அடியில் கிரீம் படியும், அது வெறும் ஈரம்.

நம்பத்தக்கது நீல மருந்துச் சோதனை. ரேடியேட்டரில் தண்ணீரை ஐந்து சென்டிமீட்டர் இறக்கிவிட வேண்டும். இல்லாவிட்டால் தண்ணீர் குழாய்க்குள் ஏறி மருந்தைக் கெடுத்துவிடும். எஞ்சின் சூடேறி ஓடும்போது கழுத்தில் குழாயை வைத்து, உள்ளே நிற்கும் காற்றை ரப்பர் பந்தால் இரண்டு நிமிடம் உறிஞ்சினோம். எரிந்த புகை கலந்திருந்தால் நீலம் மஞ்சளாகும். ஐட்லிங்கில் ஒரு முறை, 2,500 ஆர்பிஎம்மில் பிடித்து ஒரு முறை. இரண்டிலும் நீலம் மாறவில்லை. டாப் ஓவர்ஹால் தேவையில்லை.

அடுத்து ஃபேன். ஏர்கோன் (ஏசி) போட்டால் அதன் கண்டென்சர் ஃபேன் சுற்றுகிறது, ரேடியேட்டர் ஃபேன் அசையவே இல்லை. ஃபியூஸ் சரி. ரிலேவை அதே மாதிரி இன்னொரு ரிலேயோடு இடம் மாற்றினோம், அதுவும் சரி. தண்ணீர் சூட்டை உணர்ந்து ஃபேனைப் போடும் தெர்மோ ஸ்விட்சின் ஒயரைக் கழற்றி இரண்டு முனையையும் சேர்த்தால் ஃபேன் முனகிக்கொண்டு மெதுவாகச் சுற்றுகிறது. ஆக ஸ்விட்சும் செத்திருக்கிறது, மோட்டாரும் களைத்திருக்கிறது. பேட்டரியிலிருந்து நேரே ஒயர் கொடுத்தாலும் அதே மந்தம். பின்னால் லேசாகத் தட்டினால் வேகம் கூடுகிறது: கார்பன் பிரஷ் தேய்ந்த மோட்டார்.

ஹாஃப் கட் கடையில் (பழைய காடிகளின் சாமான் விற்கும் கடை) மோட்டார் எடுத்தாயிற்று. அங்கிருந்து வரும் மோட்டாரில் ஒரு பொறி உண்டு. ஒயர் நிறம் மாறியிருந்தால் ஃபேன் தலைகீழாகச் சுற்றி, காற்றை முன்பக்கம் தள்ளும். பார்க்கச் சுற்றுகிறது, காடி மட்டும் சூடாகிறது. எஞ்சின் நிற்கும்போது ஃபேனை ஓட விட்டு, பம்பர் பக்கம் கண்டென்சர் மேல் ஒரு நாளிதழ்த் தாளை வைத்துப் பாருங்கள். ஒட்டிக்கொண்டால் சரி, பறந்தால் ஒயரை மாற்றிப் போடவும்.

சூடாக இருக்கும்போதே ரேடியேட்டரை இன்ஃப்ராரெட் வெப்பமானியால் மேலிருந்து கீழே வருடினோம். மேல் தொட்டிப் பக்கம் 91. சீராக இறங்க வேண்டியது, இடது கீழ் மூலையில் திடீரென்று 58. உள்ளங்கை அளவு இடம். அங்கே தண்ணீர் போகவே இல்லை. (பளபளக்கும் அலுமினியத்தில் இந்தக் கருவி பொய் சொல்லும், நிஜத்தைவிடக் குறைத்துக் காட்டும். கறுப்பு டேப் ஒட்டி அதன்மேல் குறிபார்க்க வேண்டும். ரப்பர் ஹோஸ் என்றால் அப்படியே பார்க்கலாம்.)

காராக் மேட்டில் ஏன் ஏறுகிறது என்பதற்கு இதுதான் பதில்.

5 மார்ச், புதன்

தெர்மோஸ்டாட் உறையைத் திறந்தால் உள்ளே ஒன்றுமில்லை! யாரோ கழற்றி எறிந்திருக்கிறார்கள். சூடேறும் காடிக்கு நம்மிடையே புழங்கும் பாட்டி வைத்தியம் இது. "வால்வு இல்லன்னா தண்ணி தடையில்லாம ஓடும்" என்பார்கள். விளைவு வேறு. காலையில் எஞ்சின் சூடேற நெடுநேரம் பிடிக்கும். எஞ்சின் இன்னும் குளிர்ச்சி என்று நினைத்து ஈசியூ (எஞ்சினின் கணினி) பெட்ரோலைக் கூட்டி ஊற்றிக்கொண்டே இருக்கும். டொயோட்டா, டைஹாட்சு வகையில் பல எஞ்சின்களில் வால்வின் கீழ்த்தட்டுத்தான் பைபாஸ் வழியை அடைக்கும். தட்டு இல்லையென்றால் சூடான தண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டருக்கே போகாமல் எஞ்சினுக்குள் சுற்றி வரும். சூட்டைக் குறைக்கக் கழற்றியதே சூட்டைக் கூட்டும்.

புதிய வால்வைப் பொருத்துமுன் சட்டித் தண்ணீரில் சோதித்தோம். உடம்பில் 82 என்று குத்தியிருக்கிறது. வெப்பமானியோடு நூலில் தொங்கவிட்டு, அடியைத் தொடாமல் சூடேற்றினால் 82 வாக்கில் இதழ் விட ஆரம்பித்து, 95க்குள் எட்டு மில்லிமீட்டர் போலத் திறந்தது. புதுசுதானே என்று சோதிக்காமல் போடுவது சரியில்லை, புதுசிலும் திறக்காதவை வரும்.

பம்பைக் கழற்ற இந்த எஞ்சினில் டைமிங் பெல்ட்டையும் எடுக்க வேண்டும். பெல்ட்டைத் தொட்டாயிற்று, அதனால் பெல்ட், டென்ஷனர், பம்ப் மூன்றும் புதுசு. கழற்றிய பம்பின் இறக்கைகள் ஓரம் கடித்த பிஸ்கட்டாக இருந்தன. குழாய்த் தண்ணீரின் வேலை.

ரேடியேட்டர் அலுமினியம், தொட்டி பிளாஸ்டிக். பழைய பித்தளை ரேடியேட்டர் என்றால் தொட்டியைப் பிரித்துக் கம்பி விட்டுக் குத்தி எடுக்கலாம், இதில் முடியாது. மாற்றுவதுதான் வழி. கண்டென்சருக்கும் ரேடியேட்டருக்கும் நடுவில் இலையும் தூசியும் மெத்தையாகப் படிந்திருந்தது. எஞ்சின் பக்கமிருந்து வெளிப்பக்கமாக, குறைந்த அழுத்தத் தண்ணீரால் கழுவினோம். ஜெட்டை நெருக்கிப் பிடித்தால் ரெக்கைகள் மடிந்து காற்று வழி மொத்தமாக அடைபடும்.

6 மார்ச், வியாழன்

பிளாக்கைத் தண்ணீர் தெளியும் வரை கழுவினோம். கீழ் ஹோஸ் புதுசு, கிளிப்பும் புதுசு. உள்ளே சுருள் கம்பி இருக்கிற ஹோஸாக எடுத்தோம். கம்பி துருப்பிடித்துப் போன ஹோஸ், வேகமாக ஓடும்போது பம்ப் இழுப்பில் சப்பையாகி ஓட்டத்தை நெரிக்கும்.

கூலன்ட் பாதி, பேட்டரிக்கு ஊற்றும் வடிநீர் பாதி. இந்த எஞ்சின் கிட்டத்தட்ட 5 லிட்டர் பிடிக்கும், 2.5 லிட்டர் கூலன்ட்டை முதலில் ஊற்றிவிட்டுப் பிறகு தண்ணீர் சேர்த்தோம். பிளாக்கில் தங்கிய பழைய தண்ணீர் கலவையை நீர்க்கச் செய்யாமலிருக்க இந்த வரிசை.

காற்றெடுக்கும்போது அவசரப்படக் கூடாது. முன்பக்கம் ஜாக்கில் தூக்கி, ரேடியேட்டர் கழுத்து எஞ்சினைவிட மேலே நிற்கும்படி வைத்தோம். வால்விலுள்ள சின்னக் காற்றுத் துளை மேல்பக்கம் பார்த்திருக்க வேண்டும். மூடியைத் திறந்தே வைத்து ஐட்லிங்கில் ஓட்டி, மேல் ஹோஸை அவ்வப்போது பிசைந்துகொண்டே இருந்தோம். வால்வு திறந்ததும் மட்டம் மடமடவென்று இறங்கும், நிரப்ப வேண்டும். ஃபேன் இரண்டு முறை தானாகப் போட்டு நின்ற பிறகே மூடி.

வெளிநாட்டுப் புத்தகங்களில் "ஹீட்டரைத் திறந்து வை" என்று முதல் வரியிலேயே எழுதியிருக்கும். நம்மூர்க் காடிகளில் பலவற்றில் ஹீட்டரே கிடையாது. இருந்தால் திறக்கவும், இல்லையென்றால் அந்த வரியைத் தாண்டிப் போகவும்.

8 மார்ச், சனி

கோம்பாக் சுங்கச்சாவடி தாண்டி கெந்திங் செம்பா வரை ஏர்கோன் போட்டு ஏற்றினோம். முள் பாதிக்குச் சற்றுக் கீழே, அசையவில்லை. மேலே நிறுத்தியதும் மேல் ஹோஸ் 89, கீழ் ஹோஸ் 71. கீழ் ஹோஸும் மேலே உள்ளதைப் போலவே சூடாக இருந்திருந்தால் ரேடியேட்டர் வேலை செய்யவில்லை என்று அர்த்தம்.

மாலை ஐந்தரைக்கு ஜாலான் ஈப்போ நெரிசலில் முக்கால் மணி நேரம். ஃபேன் போட்டுப் போட்டு நின்றது, முள் அதே இடம்.

17 மார்ச், திங்கள்

ஆறிய எஞ்சினில் பார்த்தோம். ஸ்பேர் டேங்கில் ஒரு சென்டிமீட்டர் குறைவு, உள்ளே தங்கியிருந்த கடைசிக் காற்று வெளியேறிய இடம் அது. அதே கலவையால் நிரப்பினோம், வெறும் தண்ணீரால் அல்ல. புது ரப்பர் சூட்டில் படிந்திருக்கும் என்பதால் ஹோஸ் கிளிப்புகளை மறுபடி அரைச் சுற்று இறுக்கினோம். பிரஷர் டெஸ்டரில் 0.9 பதினைந்து நிமிடம் நின்றது. கூலன்ட் பிராண்ட், நிறம், பாதிக்குப் பாதி கலவை, 2027 மார்ச்சில் மாற்ற வேண்டும் என்று எழுதிய ஸ்டிக்கர் போனட் உள்பக்கம் ஒட்டியாயிற்று. அடுத்து பார்க்கும் போமன் (மெக்கானிக்) வேறு நிறக் கூலன்ட்டைக் கலக்காமல் இருந்தால் போதும்.