கேன்டர்பரியில் ஒரு பொங்கல் டெஸ்ட்

2024 ஏப்ரல் 15 அன்று இங்கிலாந்தின் முன்னாள் கிரிக்கெட் வீரர் டெரக் அண்டர்வுட் காலமானார். மறுநாள் காலை அலுவலகத்தில் தேநீர் போட்டுக்கொண்டிருந்த மூன்று இளைஞர்களிடம், துக்க வீட்டுக்குள் நுழைபவனுக்குரிய தாழ்ந்த குரலில், "அண்டர்வுட் போய்விட்டாராமே" என்றேன். மூவரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு ஒருவன் தயங்கித் தயங்கி, "அவர் எந்தப் பிரிவில் வேலை பார்த்தார்?" என்று கேட்டான்.

நான் வேலை பார்ப்பது இங்கிலாந்தின் கென்ட் கவுண்டியில், கேன்டர்பரி நகரத்தில். கவுண்டி ஆட்டங்களில் அண்டர்வுட் தம் வாழ்நாள் முழுவதும் ஆடியது இதே கென்ட் அணிக்குத்தான் என்பதையும், இங்கிலாந்துக்காக 86 டெஸ்ட் பந்தயங்களில் 297 விக்கெட்டுகளை எடுத்தவர் என்பதையும், எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்தே போய்விடக்கூடிய செயின்ட் லாரன்ஸ் மைதானத்தில் அவர் பெயரையும் விக்கெட் கீப்பர் ஆலன் நாட்டின் பெயரையும் சேர்த்து ஒரு பார்வையாளர் மாடமே இருக்கிறது என்பதையும் சொல்லிப் பார்த்தேன். கேட்டுக்கொண்டிருந்த பையன் மிகுந்த கண்ணியத்தோடு, "உங்களுக்கு நெருங்கிய உறவா?" என்றான்.

உறவுதான் என்று சொல்லியிருக்கலாம். திருவல்லிக்கேணியில் எங்கள் வீட்டுக் கூடத்தில் அந்தப் பெயர் அடிபடாமல் ஒரு தை மாதம் கழிந்ததில்லை. டெஸ்ட் பந்தயங்களில் கவாஸ்கரை வேறு எந்தப் பந்துவீச்சாளரையும்விட அதிக முறை வீழ்த்தியவர் என்பதால் பெரியப்பா அவரை "அந்தப் பாவி" என்றுதான் குறிப்பிடுவார். வாடகை கேட்டு வரும் வீட்டுக்காரரைத்தான் திட்டுகிறார் என்று பாட்டி வெகுகாலம் நினைத்துக்கொண்டிருந்தாள்.

நான் இந்த நாட்டுக்கு வந்தது 2006இல். "கிரிக்கெட் பிறந்த நாட்டுக்குப் போகிறாய், கொடுத்துவைத்தவன்" என்று சொல்லித்தான் சேப்பாக்கத்து நண்பர்கள் வழியனுப்பினார்கள். அவர்களுக்கும் எனக்கும் தெரியாமல் போன ஒரு விஷயம், அதற்கு முந்தைய ஆண்டின் ஆஷஸ் தொடரோடு இலவசத் தொலைக்காட்சியில் இங்கிலாந்தின் டெஸ்ட் பந்தயங்களைக் காட்டும் வழக்கம் முடிந்துவிட்டது என்பது. 2006 முதல் எல்லாம் கட்டணச் சேனலுக்குப் போய்விட்டன. வாடகை அறையில், கம்பளிச் சட்டைக்கும் பேருந்துச் சீட்டுக்கும் கணக்குப் பார்த்துக்கொண்டிருந்தவன் கிரிக்கெட்டுக்கு மாதச் சந்தா கட்டுவது எப்படி? தெருமுனையில் இருந்த மதுக்கடையின் பெரிய திரையில் எப்போது எட்டிப் பார்த்தாலும் கால்பந்து ஓடிக்கொண்டிருக்கும். ஊரிலோ, எங்கள் தெருவில் தொலைக்காட்சி இருந்த வீடுகள் இரண்டே இரண்டு என்றாலும், ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் பிள்ளைகளை விரட்டாத நாகரிகம் அந்த இரண்டு வீட்டாரிடமும் இருந்தது. தூர்தர்ஷனும் யாரிடமும் காசு கேட்டதில்லை. கோவர், கூச், போத்தம், வில்லிஸ் ஆகியோரைத் திருவல்லிக்கேணி ஜன்னல் வழியே நான் பார்த்த நேரத்தில் கால் பங்குகூட, அவர்களுக்குப் பின் வந்தவர்களை அவர்களுடைய சொந்த நாட்டில் பார்க்கவில்லை. இந்த மனக்குறை வேறு எந்தக் குறையையும்விட எனக்குள் பெரிதாக வளர்ந்தது. மழை பழகிவிட்டது, நான்கு மணிக்கே இருட்டும் குளிர்காலம் பழகிவிட்டது, காய்ந்த கறிவேப்பிலைகூடப் பழகிவிட்டது. இது மட்டும் பழகவில்லை.

பதினைந்து ஆண்டுகள் கழித்து, 2021 பிப்ரவரியில், இங்கிலாந்தின் ஒரு டெஸ்ட் தொடர் மீண்டும் இலவசச் சேனலில் வருவதாக அறிவித்தார்கள். முதல் பந்தயம் எங்கே என்று பார்த்தால், சேப்பாக்கம்! இந்தியாவில் காலை ஒன்பதரை என்றால் இங்கே விடியற்காலை நான்கு. அரைத்தூக்கத்தில் காபியைக் கலந்துகொண்டு, மனைவியும் மகளும் விழித்துக்கொள்ளாதபடி ஒலியைக் குறைத்து வைத்துக்கொண்டு, வெளியே உறைபனி படிந்த இருட்டில், எங்கள் ஊர் வெயிலைப் பார்த்தேன். தொற்றுக் காலம் என்பதால் மைதானத்தில் பார்வையாளர் ஒருவரும் இல்லை. ஜோ ரூட் தம் நூறாவது டெஸ்டில் 218 ஓட்டங்கள் எடுத்தார். அவர் ஸ்வீப் அடித்தபோதெல்லாம் பந்து மட்டையில் படும் ஓசை அந்தக் காலி மாடங்களில் மோதித் திரும்பியது. சேப்பாக்கத்தில் ஓர் இங்கிலாந்துக்காரர் இரட்டைச் சதம் அடிக்கும்போது கைதட்ட ஒருவர்கூட இல்லாததை என்னால் தாங்கிக்கொள்ள முடியவில்லை. வரவேற்பறையில் தனியாக எழுந்து நின்று நான் தட்டினேன். மகள் விழித்துக்கொண்டாள்.

எங்கள் தலைமுறைக்குப் பொங்கல் என்றால் கரும்பு, மஞ்சள் கொத்து, டெஸ்ட் பந்தயம். இங்கிலாந்து அணி 1977, 1982, 1985 ஆகிய மூன்று முறையும் சரியாகப் பொங்கலை ஒட்டித்தான் சென்னைக்கு வந்தது. 1977 பந்தயம் எனக்கு வாய்வழி வரலாறு. டோனி கிரெய்கின் அணி 200 ஓட்டங்களில் வென்று தொடரையும் எடுத்துக்கொண்டு போனது. பந்துவீச்சாளர் ஜான் லீவர் நெற்றியில் கட்டியிருந்த வாசலின் தடவிய துணிப்பட்டை பந்தைப் பளபளப்பாக்கத்தான் என்று இந்தியக் கேப்டன் பிஷன் சிங் பேடி புகார் எழுப்பினார். வியர்வை கண்ணில் வடியாமலிருக்கக் கட்டியது என்று இங்கிலாந்து தரப்பு விளக்கம் சொன்னது. பெரியப்பா அந்த விளக்கத்தைக் கடைசிவரை ஏற்கவில்லை. என் முதல் குளிர்காலத்தில் உதடுகள் வெடித்து ரத்தம் கசியவே மருந்துக்கடைக்குப் போனேன். அங்கிருந்த பெண்மணி ஒரு சிறிய வாசலின் டப்பாவை எடுத்து நீட்டியதும், வெடித்த உதடுகளோடு நான் சிரிக்கத் தொடங்கிவிட்டேன். காரணத்தை விளக்க முயன்றிருந்தால் வேறு மருந்து கொடுத்திருப்பார்.

இன்னோர் ஏமாற்றத்தையும் சொல்லவேண்டும். கேன்டர்பரி மைதானத்தின் எல்லைக்கோட்டுக்கு உள்ளேயே ஒரு லைம் மரம் நிற்கிறது, பந்து அதில் பட்டால் நான்கு ஓட்டங்கள் என்று சிறுவயதில் ஆங்கிலப் பத்திரிகையில் படித்திருந்தேன். லைம் என்றால் எங்களுக்கு எலுமிச்சை. ஆகவே என் கற்பனையில் வெள்ளைக்காரர்கள் வெள்ளைச் சட்டையோடு ஓர் எலுமிச்சை மரத்தைச் சுற்றி ஓடிக்கொண்டிருந்தார்கள். கென்ட் மட்டையாளர் கவுட்ரி அடித்த பந்தோடு பழங்களும் உதிர்ந்தன. மதிய உணவு இடைவேளையில் யாரோ அவற்றைப் பொறுக்கிச் சர்பத் கலக்கினார்கள். இங்கே வந்து விசாரித்தபோதுதான், அது நம் எலுமிச்சைக்கு எந்தவிதத்திலும் சம்பந்தமில்லாத நெடிய நிழல் மரம் என்று தெரிந்தது. அந்த மரமும் 2005 ஜனவரிக் காற்றில் முறிந்து விழுந்துவிட்டது, அதற்குப் பதிலாக ஓர் இளங்கன்றை நட்டிருக்கிறார்கள் என்றார்கள். தொலைக்காட்சி போலவே மரமும் எனக்கு ஓராண்டு முன்னால் கிளம்பிவிட்டிருந்தது.

நான் நேரில் பார்த்த முதல் டெஸ்ட் 1982இல். எனக்குப் பத்து வயது. பொங்கலன்று விஸ்வநாத்தும் யஷ்பால் சர்மாவும் நாள் முழுவதும் ஆடினார்கள். ஒரு விக்கெட்கூட விழவில்லை. விஸ்வநாத் 222, யஷ்பால் 140. அந்த நாளில் நான் மைதானத்தில் இல்லை. பெரியப்பாவுக்குக் கிடைத்த டிக்கெட் எங்களை வேறொரு மனிதரின் முன்னால் கொண்டுபோய் உட்கார வைத்தது. அவர் பெயர் கிறிஸ் டாவரே. ஒல்லியான உடம்பு, மெல்லிய மீசை, ஆக்ஸ்ஃபர்டில் விலங்கியல் படித்தவர். ஒரு முனையில் கூச் பந்தை நாலாபுறமும் விரட்டி 127 ஓட்டங்களைச் சேர்த்துக்கொண்டிருக்க, மறுமுனையில் டாவரே ஐந்தரை மணி நேரத்தில் 35 ஓட்டங்கள் எடுத்தார். ஒவ்வொரு பந்துக்கும் பிறகு லெக் பக்கமாகச் சில அடிகள் நடந்து போவார், எதையோ யோசிப்பார், திரும்பி வருவார். கடற்காற்று எழுந்து அடங்கியது. பெரியப்பா பெல்ஸ் சாலைக்குப் போய்க் காபி குடித்துவிட்டு, வழியில் பழைய அலுவலக நண்பர் ஒருவரையும் பார்த்துப் பேசிவிட்டுத் திரும்பி வந்து, "எவ்வளவு?" என்று கேட்டார். போனபோது இருந்த அதே எண்ணைச் சொன்னேன். "தவறே செய்யமாட்டான்டா இந்த டாவரே" என்றார். பின்வரிசையில் யாரோ அதைக் கேட்டுச் சிரித்தார். சிறிது நேரத்தில் மாடம் முழுவதும் அந்த வாசகம் பரவி, டாவரே தடுத்த ஒவ்வொரு பந்துக்கும் "தவறே!" என்று ஒரு கோஷம் கிளம்பியது. பொங்கல் முடிந்தது, டாவரே முடியவில்லை.

1985இல் நிலைமை வேறு. முதல் நாளே நீல் ஃபாஸ்டர் ஆறு விக்கெட் எடுத்து இந்தியாவை 272இல் சுருட்டிவிட்டார். அதன்பின் கிரேம் ஃபௌலர் 201, மைக் கேட்டிங் 207 அடித்தார்கள். ஒரே இன்னிங்ஸில் இரண்டு இங்கிலாந்து வீரர்கள் இரட்டைச் சதம் அடித்தது அதுவே முதல் முறை. நம் அணி அடிவாங்கிக்கொண்டிருந்தாலும், சேப்பாக்கத்துக் கூட்டம் இரண்டு முறையும் எழுந்து நின்று கைதட்டியது. அந்த ஃபௌலர் அதற்குப் பிறகு ஆடியது ஒரே ஒரு டெஸ்ட் என்பதை நினைக்கும்போது இன்றைக்கும் எனக்கு ஆறவில்லை. 1993இல் வந்த அணியை அவ்வளவு மரியாதையோடு நினைக்க முடியாது. பந்தயத்துக்கு முன் இறால் சாப்பிட்டு வயிறு கெட்டுக் கேப்டன் கூச் ஆட முடியாமல் போக, டெண்டுல்கர் 165 அடித்து, இந்தியா இன்னிங்ஸ் வெற்றி பெற்றது. "பந்தயத்துக்கு முந்தின ராத்திரி தயிர்சாதம்தான்டா சாப்பிடணும், இதுகூடத் தெரியாதவன் எப்படி நாட்டை ஆண்டான்?" என்பது பெரியப்பாவின் தீர்ப்பு.

இப்படியெல்லாம் எழுதினாலும், நான் இங்கே நன்றாகவே வேரூன்றிவிட்டேன். சொந்த வீடு இருக்கிறது. மகள் கென்ட் உச்சரிப்பில் பேசுகிறாள். பொங்கல் பொங்கும்போது புகை எச்சரிக்கை மணி அலறினால், நாற்காலியில் ஏறித் துண்டால் விசிறி அதை அடக்கும் கலையை மூவருமே கற்றுவிட்டோம். ஆனால் ஜனவரி பதினான்காம் தேதி மதியம், முந்திரி வறுபடும் மணம் வந்தவுடன், "ஸ்கோர் என்ன?" என்று என்னையறியாமல் கேட்டுவிடுகிறேன். மனைவி சலிக்காமல், "டாவரே இன்னும் இருக்கார்" என்பாள்.

அண்டர்வுட் காலமான அடுத்த மாதம் ஒரு வேலைநாளில் விடுப்பு எடுத்துக்கொண்டு கென்ட் அணியின் நான்கு நாள் ஆட்டம் ஒன்றைப் பார்க்கப் போனேன். அலுவலகத்தில் காரணம் கேட்டதற்கு, குடும்ப விஷயம் என்று சொல்லியிருந்தேன். இந்த மைதானத்தில் கார்களை எல்லைக்கோட்டுக்கு அருகிலேயே நிறுத்தி அதற்குள் உட்கார்ந்து பார்க்கலாம். அப்படி நின்ற ஒரு பழைய காருக்கு வெளியே, மடக்கு நாற்காலியில், எண்பதைக் கடந்த பெரியவர் ஒருவர் ஓட்டக் குறிப்பேட்டில் பென்சிலால் ஒவ்வொரு பந்தையும் பதிந்துகொண்டிருந்தார். பக்கத்தில் உட்காரலாமா என்று கேட்டேன். தலையசைத்தார். நாற்பது நிமிடங்களுக்குப் பிறகு, எந்த ஊர் என்று கேட்டார். ஊரைச் சொல்லி, அண்டர்வுட் பெயரைச் சொல்லி, டாவரேயில் வந்து நின்றேன்.

அவர் பென்சிலைக் கீழே வைத்தார். "சென்னை ஆட்டத்தை நீங்கள் பார்த்தீர்களா?" என்று கேட்ட தொனியில், நான் தாஜ் மகால் கட்டப்பட்டதைப் பார்த்தவன் போன்ற வியப்பு இருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. இங்கிலாந்து அணியின் வெளிநாட்டுத் தொடர் ஒன்று இந்த நாட்டுத் தொலைக்காட்சியில் முதன்முதலாக நேரடியாக வந்ததே 1990இல், மேற்கிந்தியத் தீவுகளிலிருந்துதான். டாவரேயின் முப்பத்தைந்தையும் ஃபௌலரின் இருநூற்றொன்றையும் இவர்கள் மறுநாள் செய்தித்தாளில் எண்களாகத்தான் படித்திருக்கிறார்கள். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்ற எங்கள் தெருப் பிள்ளைகள், இவர்களுடைய ஆட்டக்காரர்களை இவர்களைவிட அதிகம் பார்த்திருந்தோம்.

ஐந்தரை மணி நேரக் கதையை நான் சொன்னேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை. டாவரே கென்ட் அணிக்கு ஆடும்போது, அதுவும் ஒருநாள் ஆட்டங்களில், பந்தைச் சர்வசாதாரணமாகத் தூக்கி அடிப்பவர் என்றும், இதே புல்வெளியில் வேகப்பந்து வீச்சாளர்களைத் திணறடித்தவர் என்றும், டெஸ்டில் தொடக்க ஆட்டக்காரராக அனுப்பி அவரைக் கல்லாக்கிவிட்டார்கள் என்றும் ஆவேசமாகச் சொன்னார். எனக்கும் நம்பிக்கை வரவில்லை. டாவரே தூக்கி அடித்தாரா? இருவரும் ஒரே பெயருடைய வேறு வேறு மனிதர்களைப் பற்றிப் பேசிக்கொண்டிருப்பதுபோல் இருந்தது.

உணவு இடைவேளை வந்தது. பெரியவர் தாளில் சுற்றியிருந்த ரொட்டியைப் பிரித்தார். நான் பையிலிருந்து எலுமிச்சை சாத டப்பாவை எடுத்தேன். எதிரே அந்தப் புதிய லைம் மரம் காய் எதுவும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தது. அவர் வெகுநேரமாக எதையோ மனத்தில் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தவர்போல என் பக்கம் திரும்பி, "சரி, அவர் அப்படி ஆடினார் என்றே வைத்துக்கொள்வோம். ஐந்தரை மணி நேரம் நீங்களெல்லாம் என்னதான் செய்தீர்கள்?" என்று கேட்டார்.

"சாப்பிட்டோம்" என்று சொல்லி, டப்பாவை அவர் பக்கமாக நகர்த்தி வைத்தேன்.