பழைய மேம்பாலத்தை இறக்கும் வேலை மண்ணுக்கு அடியில் தொடங்குகிறது

நகரத்துக்கு நடுவே நாற்பது ஐம்பது வருஷம் நின்ற மேம்பாலத்தை எடுத்துவிட்டுப் புதிதாகக் கட்டும்போது, வேடிக்கை பார்ப்பவர்கள் கண்ணில் படுவது கிரேனும், கான்கிரீட்டை அறுக்கும் ஒயர் ரம்பமும்தான். கெடு தவறுவது அங்கே அல்ல. பாலத்துக்கு அடியில் புதைந்த குழாயிலும், பக்கத்துத் தெருவில் திரும்ப முடியாமல் நிற்கும் டவுன் பஸ்ஸிலும்தான் மாதக்கணக்கு போகிறது. கொங்குப் பக்கத்து நகரங்களில் இந்த வேலை எங்கே மாட்டும் என்று, அடுத்து இதில் இறங்குகிறவர்களுக்காக எழுதுகிறோம்.

முழுக்க எடுப்பதா, மேல்தளத்தை மட்டும் மாற்றுவதா என்பதை முதலில் தீர்க்க வேண்டும். மேற்பரப்பில் தட்டி, சுத்தியல் எகிறும் அளவை வைத்துப் பலம் கணிக்கும் ரீபவுண்ட் ஹேமர் சோதனையை மட்டும் நம்பி முடிவெடுக்காதீர்கள். காற்றிலுள்ள கரியமில வாயு ஏறிக் கார்பனேற்றம் அடைந்த பழைய கான்கிரீட்டின் மேல்தோல் இறுகியிருக்கும். உள்ளே உள்ளதைவிடக் கூடுதல் பலத்தைக் காட்டும். கோர் (உருளையாகத் துளைத்தெடுக்கும் துண்டு) எடுத்து உடைத்துப் பாருங்கள். புதிதாக உடைத்த முகத்தில் பினாப்தலீன் தெளித்தால் காரத்தன்மை உள்ள இடம் இளஞ்சிவப்பாகும். நிறம் மாறாத ஆழம் கம்பியைத் தொட்டுவிட்டதென்றால் கான்கிரீட் கம்பிக்குத் தந்த காப்பு போய்விட்டது. கம்பியின் மின்னழுத்தத்தை அளக்கும் ஹாஃப் செல் சோதனையில் -350 மில்லிவோல்ட்டுக்கும் கீழே போனால் அந்த இடத்தில் துருப்பிடிக்கும் வாய்ப்பு 90 சதவீதத்துக்கு மேல்.

தூண் நன்றாக இருந்து, தளத்தைத் தாங்கும் நீள உத்திரமான கர்டர் மட்டும் கெட்டிருந்தால் முழுப் பாலத்தையும் இடிக்க வேண்டியதில்லை. கொச்சியின் பாலாரிவட்டம் மேம்பாலம் பக்கத்திலேயே இருக்கும் உதாரணம். 2016-ல் திறந்து 2019-ல் மூடினார்கள். பிறகு தூண்களைப் பலப்படுத்தி, 19 ஸ்பானில் (தூணுக்குத் தூண் உள்ள பகுதி) 17-ஐ மாற்றி, 2021 மார்ச்சில் மறுபடி திறந்தார்கள். அது வயதான பாலமும் அல்ல, கட்டிய விதத்தில் வந்த கோளாறு. வயதான பாலத்தில் வேறொரு தலைவலி உண்டு: வரைபடம் கிடைக்காது. கிடைத்தாலும் அதில் இருப்பதும் கட்டியிருப்பதும் ஒன்றாக இருக்காது. கர்டருக்குள் இழுத்து இறுக்கிய இரும்புக் கேபிள் போகும் பாதையை ஸ்கேன் செய்து, தளத்தின் மேலேயே பெயிண்டால் கோடு போட்டுவிடுங்கள். பின்னால் அறுக்கும்போது அந்தக் கோடுதான் உயிர் காக்கும்.

இனி மண்ணுக்கு அடியில். ஒவ்வொரு தூணுக்கும் இரண்டு பக்கமும் ஒரு மீட்டர் அகலம், இரண்டு மீட்டர் ஆழத்துக்குக் கையால் சோதனைக் குழி வெட்ட வேண்டும். ஜேசிபி வைக்கக் கூடாது. ரேடார் ஸ்கேன் வழி காட்டும், ஆனால் ஈரக் களிமண்ணில் அது குருடு. கரிசல் மண் பகுதியில் அதை நம்பிக் கேபிளை அறுத்தவர்கள் உண்டு. குழியில் குடிநீர் மெயின், பாதாளச் சாக்கடை, மின்வாரியக் கேபிள், கண்ணாடியிழைக் கேபிள் எல்லாம் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடக்கும். மாற்றும் வரிசையில் சாக்கடையை முதலில் வையுங்கள். அது சரிவில் ஓடுவது. நமக்கு வேண்டிய இடத்தில் வளைக்க முடியாது. மற்றதெல்லாம் அழுத்தத்திலோ மின்சாரத்திலோ போகிறது, அவை சாக்கடைக்கு வழிவிட்டுப் போகட்டும். கண்ணாடியிழை கடைசியில். மின்சாரம், குடிநீர் இரண்டையும் அந்தந்தத் துறையே மதிப்பீடு போட்டு, நாம் பணம் கட்டிய பிறகுதான் மாற்றுவார்கள். பாலத்து டெண்டர் கையெழுத்தாகும் வரை அதற்குக் காத்திருந்தால் ஒப்பந்தக்காரர் மெஷினோடு சும்மா நிற்பார், அதற்கும் பணம் கேட்பார்.

குடிநீர் நிறுத்தம் கேட்கும்போது வார்டு வாரியாகத் தண்ணீர் விடும் முறை அட்டவணையைக் கையில் வைத்துக்கொள்ளுங்கள். நம் ஊர்களில் பல பகுதிகளுக்குத் தண்ணீர் தினமும் வருவதில்லை. ஒரு நாள் நிறுத்தம் தப்பான நாளில் விழுந்தால் ஒரு வார்டே தன் முறையைத் தவறவிட்டு அடுத்த முறை வரை குடத்தோடு நிற்கும். பாலத்துக்கு எதிர்ப்பு அங்கேதான் பிறக்கிறது.

போக்குவரத்துக்கு வருவோம். ஏழு நாள் தொடர்ந்து எண்ணுங்கள். அதில் ஒரு முகூர்த்த நாள், ஒரு சந்தை நாள் கட்டாயம் இருக்கட்டும். இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 106 கணக்குப்படி இருவழியாக ஓடும் இரண்டு லேன் நகரப் பிரதான சாலை மணிக்கு 1,500 கார் அலகு (எல்லா வண்டியையும் காருக்குச் சமமாக்கிய எண்ணிக்கை) தாங்கும். அதே அகலத்தை ஒருவழியாக்கினால் 2,400. மாற்றுப்பாதையாக இரண்டு இணைத் தெருக்கள் கிடைத்தால், இரண்டிலும் இருவழியாக விடாமல் ஒன்றைப் போகவும் மற்றதை வரவும் வைப்பது இதற்காகத்தான். திருப்பூர் பக்கம் எண்ணிக்கையைவிட நேரம் முக்கியம்: காலை ஷிப்டுக்கு ஆள் ஏற்றிய கம்பெனி வேன்கள் ஒரே அரை மணிக்குள் வந்து குவியும். பஸ் திரும்பும் முனைகளை நேரில் ஓட்டிப் பாருங்கள். 12 மீட்டர் பஸ்ஸுக்கு வெளிப்பக்க ஆரம் ஏறக்குறைய 12 மீட்டர் வேண்டும். முனையில் நிற்கும் ஒரே ஒரு மின்கம்பம் மொத்தத் திட்டத்தையும் கெடுக்கும். ஒத்திகையை ஞாயிற்றுக்கிழமை வைத்துத் திருப்திப்பட்டுவிடாதீர்கள். திங்கட்கிழமை காலையில் ஒரு தடவை வையுங்கள். தீபாவளிக்கு முந்தைய மூன்று வாரம் கடைவீதிப் பக்கம் எந்த லேனையும் அடைக்க வேண்டாம். தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணக் கூட்டம் போகும் சாலையென்றால், ஓரத்தில் தனி நடைபாதை விட வேண்டும்.

"ஏனுங்க சார், கடைக்கு முன்னால எத்தன நாளுங்க அடைப்பீங்க?" என்று ஒவ்வொரு கடைக்காரரும் கேட்பார். நாள் தெரிந்தால் நாளைச் சொல்லுங்கள். தெரியாவிட்டால் எந்த வேலை முடிந்ததும் திறப்போம் என்றாவது சொல்லுங்கள். "சீக்கிரமுங்க" என்பது ஒரு மாதம்கூடத் தாங்காது.

இறக்கும் வேலைக்கு முதலில் எடை. 30 மீட்டர் கர்டரின் குறுக்குப் பரப்பு 0.65 சதுர மீட்டர் என்றால், கன மீட்டருக்கு 2.5 டன் வீதம் சுமார் 49 டன். தளத்தை 2.5 மீட்டர் அகலத்துக்குச் சேர்த்தே அறுத்தால், 22 சென்டிமீட்டர் கனத்துக்கு இன்னொரு 41 டன் கூடும். அதோடு வருஷா வருஷம் அடுக்கடுக்காகப் போட்ட தார். அதைச் சுரண்டி எடுக்காமல் தூக்கினால் கணக்கு தப்பும். 200 டன் கிரேன் என்பது 3 மீட்டர் பக்கத்தில் நின்றால்தான் 200 டன். 12 மீட்டர் தள்ளி நின்றால் அதில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டுவது அரிது. இரண்டு கிரேன் சேர்ந்து தூக்கினால் ஒவ்வொன்றுக்கும் லோடு சார்ட்டில் (எந்தத் தூரத்தில் எவ்வளவு தூக்கலாம் என்ற அட்டவணை) 75 சதவீதத்தோடு நிறுத்துங்கள். சரக்கைக் கொக்கியோடு பிணைக்கும் ஸ்லிங் கயிறு கிடையோடு 60 டிகிரியில் இருந்தால் ஒவ்வொரு காலிலும் 15 சதவீதம் கூடுதல் இழுவை. 30 டிகிரிக்குத் தாழ்ந்தால் இரட்டிப்பு.

கிரேன் கால் ஊன்றும் இடத்தில்தான் மறுபடியும் மண் வருகிறது. கைவிட்ட பழைய சாக்கடைக் குழாய் மேல் கால் ஊன்றினால் தளம் உள்வாங்கும். குழாயை மாற்றியதோடு விடாமல், பழையதை மெலிந்த (சிமெண்ட் குறைந்த) கான்கிரீட்டால் அடைத்துவிட வேண்டும். இந்த ஒரு வரியை மதிப்பீட்டில் சேர்க்க மறப்பவர்கள்தான் அதிகம்.

அறுக்கும் வரிசை: கைப்பிடிச் சுவர், விளக்குக் கம்பம், தார், கர்டர்களுக்கு இடையிலான தளம், பிறகு குறுக்கு உத்திரம். குறுக்கு உத்திரத்தை அறுத்த நொடியிலிருந்து கர்டர் தனியாள், பக்கவாட்டில் சாயும். அதற்கு முன்பே இரும்புச் சட்டத்தால் பக்கத்துக் கர்டரோடு கட்டிவிடுங்கள். 1970-களின் பாலங்களில் 7 மில்லிமீட்டர் கம்பி 12 சேர்ந்த கேபிள்கள் இருக்கும். சுற்றிலும் நிரப்பும் சிமெண்ட் குழம்பு (கிரவுட்) சரியாக ஏறாத கேபிளை அறுத்தால், அதைப் பிடித்திருக்கும் ஆங்கர் முனை துப்பாக்கிக் குண்டு மாதிரி தெறிக்கும்; இரு முனையிலும் ஆள் நிற்கக் கூடாது, மரப்பலகையும் மணல் மூட்டையும் அடுக்க வேண்டும். கைநீட்டிய தளத்தின்மேல் நடு ஸ்பான் உட்கார்ந்திருக்கும் வகையென்றால், நடுவை முதலில் எடுத்து இரண்டு கைகளையும் சமமாகக் குறைத்து வாருங்கள். அந்த உட்காரும் மூட்டுதான் தண்ணீர் கசிந்து உள்ளே அழுகும் இடம். 2006-ல் கனடாவின் லாவால் நகரில் அப்படிப்பட்ட மேம்பாலம் விழுந்து ஐந்து பேர் இறந்தார்கள்.

காற்றைச் சொல்லாமல் விட முடியாது. பல கிரேன்களின் சார்ட் நொடிக்கு 9, 10 மீட்டர் காற்றோடு நிறுத்தச் சொல்கிறது. கர்டர் மாதிரிப் பரப்பு பெரிய சரக்குக்கு அதற்கும் கீழே. பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் ஆடிக் காற்று உடுமலை, பல்லடம் காற்றாலைகளுக்கு வரம், நமக்கு அல்ல. கர்டர் தூக்குவதைத் தையிலிருந்து பங்குனிக்குள் முடியுங்கள்.

ஒயர் ரம்பத்திலிருந்து வழியும் சிமெண்ட் குழம்பை மழைநீர் வடிகாலில் விட்டால் இறுகி அடைத்துக்கொள்ளும். தொட்டியில் தேக்கி, தெளிந்த நீரை மறுபடி ரம்பத்துக்கே கொடுக்கலாம். இடிபாட்டைக் குளத்தில் கொட்ட வேண்டாம், வாங்க ஆளிருக்கிறது. நொறுக்கிய ஜல்லியை எம்25 தரம் வரையிலான கம்பிக் கான்கிரீட்டில் 20 சதவீதமும், மெலிந்த கான்கிரீட்டில் முழுக்கவும் சேர்க்க இந்தியத் தரநிலை ஐ.எஸ். 383 இடம் தருகிறது. அமெரிக்காவின் சியாட்டிலில் 1953-ல் திறந்த அலாஸ்கன் வே மேம்பாலத்தை 2019-ல் இடித்தபோது, இடிபாட்டைக் கொண்டே பக்கத்துப் பழைய சுரங்கப்பாதையை நிரப்பினார்கள்.

புதுப் பாலத்தில் மட்டத்தைக் கவனியுங்கள். மும்பை அந்தேரியில் கோகலே பாலத்தின் ஒரு பக்கத்தைத் திறந்தபோது பக்கத்து மேம்பாலத்தோடு உயரம் ஒத்துவரவில்லை. பிறகு அந்த மேம்பாலத்தை ஜாக்கி வைத்துத் தூக்கி இணைக்க வேண்டியிருந்தது. விட்டுவைக்கும் ஒவ்வொரு பழைய பகுதியின் மட்டத்தையும் ஒரே பெஞ்ச் மார்க்கிலிருந்து (உயரம் அளக்க வைத்த நிலையான குறி) நீங்களே எடுங்கள், பழைய வரைபடத்திலிருந்து எடுக்காதீர்கள். தூண் தலையில் ஜாக்கி வைக்க இடம் விடுங்கள். தூணுக்கும் கர்டருக்கும் நடுவே உட்காரும் பேரிங்கின் ஆயுள் பாலத்தின் ஆயுளைவிடக் குறைவு; ஜாக்கிக்கு இடமில்லாவிட்டால் பின்னால் மாற்றுகிறவர்கள் இரும்புத் தாங்கி கட்டித்தான் தூக்க முடியும்.

திறப்பதற்கு முன் எடைச் சோதனை. ஒவ்வொரு லாரியையும் எடை மேடையில் தனித்தனியாக நிறுத்துங்கள். பில்லில் எழுதிய எடையை நம்ப வேண்டாம். ஒரு நாள் முன்பே, சுமையில்லாமல் மணிக்கொரு தடவை தளத்தின் அசைவைக் குறித்துக்கொள்ளுங்கள். வெயிலில் தளம் தானாகவே வளையும். அதைக் கழிக்காத அளவு அளவே அல்ல. சுமையை 24 மணி நேரம் வைத்து, இறக்கிய 24 மணி நேரத்தில் பிரிஸ்ட்ரெஸ் (கேபிள் இழுத்து இறுக்கிய) கர்டர் தன் தாழ்வில் 85 சதவீதம் மீள வேண்டும், சாதாரணக் கம்பிக் கான்கிரீட் 75 சதவீதம். மந்திரி தேதி கொடுத்துவிட்டார் என்று இந்த இரண்டாவது 24 மணி நேரத்தைச் சுருக்கச் சொல்வார்கள். சுருக்கினால் சோதனையை முதலிலிருந்து செய்ய வேண்டிவரும் என்று தேதி குறிக்கும் முன்பே எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.