பிரிக் டெஸ்ட் பழக வரும் டாக்டர்களுக்கு

ஒவ்வாமை கிளினிக்குக்குப் பயிற்சிக்கு வருகிறவர்கள் முதலில் கேட்பது "எப்போ குத்த விடுவீங்க?" என்றுதான். பிரிக் டெஸ்ட் என்பது, அலர்ஜி தரக்கூடிய பொருளின் கரைசலை முன்கையில் சொட்டாக வைத்து, அதன் வழியே தோலை லேசாகக் குத்தி, தடிப்பு எழுகிறதா என்று பார்ப்பது. குத்துவதைச் சீக்கிரம் பழகிவிடலாம். பக்கத்தில் ஒருவர் நின்று பார்க்க வேண்டியது அதற்கு முன்பும் பின்பும்தான்.

முதலில் மருந்துகள். செடிரிசின், லோரடடின் வகையறா அலர்ஜி மாத்திரைகளை 7 நாள் முன்பே நிறுத்தியிருக்க வேண்டும். "அலர்ஜி மாத்திரை எதுவும் போடலையே" என்பார் நோயாளி; வீட்டில் குடித்துவரும் சளி சிரப்பில் அதே வகையான குளோர்பெனிரமின் இருக்கும். ஒற்றைத் தலைவலிக்கு எழுதிய அமிட்ரிப்டிலினும் தடிப்பை அமுக்கிவிடும். முன்கையில் பூசும் ஸ்டீராய்டு களிம்பும் அப்படித்தான். வாயால் கேட்டால் போதாது, மருந்துகளைக் கொண்டுவரச் சொல்லுங்கள். ஆஸ்துமா கட்டுக்குள் இல்லையென்றால் அன்று டெஸ்ட் கிடையாது. அனாஃபிலாக்சிஸ் (உயிருக்கு ஆபத்தான திடீர் அலர்ஜி) வந்தவருக்கு 4 வாரமாவது போகட்டும்.

மணிக்கட்டையும் முழங்கை மடிப்பையும் விட்டு 3 செ.மீ. தள்ளி, சொட்டுக்குச் சொட்டு 2 செ.மீ. இடைவெளி. 1 மி.மீ. முனை லான்செட்டைச் சொட்டின் வழியே நேராக அழுத்தி எடுங்கள். ரத்தம் கசிந்தால் ஆழமாகப் போய்விட்டது என்று அர்த்தம். பொய்யான பாசிட்டிவ் வரலாம். பயந்து பயந்து தொட்டால் பொய்யான நெகட்டிவ். ஒவ்வொரு சொட்டுக்கும் புது லான்செட். மிச்சத்தை ஒற்றி எடுங்கள், இழுத்துத் துடைத்தால் பக்கத்துச் சொட்டோடு கலந்துவிடும்.

நோயாளியிடம் போகுமுன் ஒரு பரீட்சை உண்டு. சம்மதிக்கும் சக டாக்டரின் முதுகில் ஹிஸ்டமின் (தடிப்பை எழுப்ப வேண்டியது) 10, சலைன் (எழுப்பக் கூடாத உப்பு நீர்) 10, மாற்றி மாற்றிக் குத்த வேண்டும். ஹிஸ்டமின் தடிப்புகளின் திட்டவிலக்கம், அதாவது விட்டங்கள் ஒன்றுக்கொன்று மாறும் அளவு, சராசரி விட்டத்தில் 30 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். ஒரு சலைன் 3 மி.மீ. தாண்டினாலோ, ஒரு ஹிஸ்டமின் 3 மி.மீ.க்குக் கீழே நின்றாலோ மறுபடியும் பயிற்சிதான். இதில் சலுகை காட்டக் கூடாது என்பது என் கட்சி.

15 நிமிடம் கழித்து அளக்கும்போது சிவப்பை விட்டுவிடுங்கள். தடிப்பின் ஓரத்தைப் பேனாவால் வரைந்து, செல்லோடேப்பில் ஒற்றி, கேஸ் ஷீட்டில் ஒட்டுங்கள். மிக நீளமான விட்டம், அதன் நடுவில் செங்குத்தாக இன்னொன்று, இரண்டின் சராசரி. ஒப்பிட்டுப் பார்க்க நோயாளிக்கும் ஹிஸ்டமின், சலைன் இரண்டும் குத்துகிறோம்; சலைனைவிட 3 மி.மீ. கூடுதல் இருந்தால் பாசிட்டிவ். மி.மீ. அளவுக்குப் பதில் "++" என்று எழுதும் பழக்கம் எதற்கும் உதவாது. சலைனே வீங்கினால் சும்மா கீறினாலே தடிக்கும் தோலாக இருக்கலாம். ஹிஸ்டமின் எழும்பவில்லையென்றால் ஏதோ மருந்து உள்ளே இருக்கலாம். இரண்டிலும் அன்றைய முடிவை நம்பாதீர்கள்.

பாசிட்டிவ் வந்ததாலேயே நோய் என்று ஆகாது. வீட்டுத்தூசிப் பூச்சிக்கும் இறாலுக்கும் ட்ரோபோமயோசின் என்ற புரதம் ஏறக்குறைய ஒன்றுபோல இருப்பதால், தூசி அலர்ஜிக்காரர் சிலருக்கு இறாலும் தடிக்கும். தொந்தரவில்லாமல் இறால் சாப்பிட்டுவருகிறவருக்கு ஆயுள் முழுக்கப் பத்தியம் எழுதுவது அபத்தம். நோயாளியின் கதையைக் கேட்காமல் மொத்தமாக நாற்பது, ஐம்பது குத்துவதில்தான் இந்தக் கோளாறு தொடங்குகிறது.

கடைசியாக, நெருக்கடி ஒத்திகை. அனாஃபிலாக்சிஸ் என்றதும் கை அவிலுக்கும் (அலர்ஜி ஊசி) ஹைட்ரோகார்டிசோனுக்கும் (ஸ்டீராய்டு) போகிற பழக்கத்தை முறிக்க வேண்டும். முதல் மருந்து அட்ரினலின்: மி.லி.க்கு 1 மி.கி. ஆம்பூல், கிலோவுக்கு 0.01 மி.கி., தொடையின் வெளிப்பக்கத் தசையில். 15 கிலோ குழந்தைக்கு 0.15 மி.லி.; பெரியவருக்கு 0.5 மி.லி. அடங்காவிட்டால் 5 நிமிடத்தில் மறுபடியும். ரத்த அழுத்தம் இறங்கினால் படுக்கவைத்துக் காலை உயர்த்துங்கள். எழுப்பி நிற்கவைக்கக் கூடாது. இன்சுலின் சிரிஞ்சில் ஏற்றினால் ஊசி குட்டை, பெரியவரின் தொடையில் தோலடியிலேயே நின்றுவிடும். 1 மி.லி. சிரிஞ்சும் 1 அங்குல ஊசியும் ஆம்பூலோடு ஒரே ட்ரேயில் இருக்க வேண்டும்; பூட்டிய அலமாரியில் இருந்தால் பிரயோஜனமில்லை.