எந்தப் பக்கம் என்பது பாதிக் கேள்விதான்

"வலப் பக்கம் வெளங்கலய்யா." ஆலங்குளம், அம்பாசமுத்திரம் பக்கமிருந்து பாளையங்கோட்டைக்கு வரும் பக்கவாதக் கேஸ்களில், ஸ்ட்ரெச்சரோடு ஓடிவருகிறவர்கள் முதலில் சொல்வது இதுதான். இயக்க நரம்பிழைகளில் பெரும்பகுதி மூளைத்தண்டின் அடிப்பகுதியான முகுளத்தில் பக்கம் மாறிவிடுவதால், வலது விழுந்தால் அநேகமாகக் கோளாறு இடது மூளையில். அங்கே எந்த இடம் என்று தெரிய, முகம், கை, கால் மூன்றில் எது கூடுதலாக விழுந்திருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பீடி சுற்றுகிறவருக்கு இலை விரலில் நிற்கவில்லை, வாய் கோணியிருக்கிறது, ஆனால் தாங்கிப் பிடித்தால் நடக்கிறார் என்றால் நடுப் பெருமூளைத் தமனியைச் சந்தேகிக்கலாம். அது ரத்தம் தரும் மூளைப் புறணியின் (மேலடுக்கின்) வெளிப்பக்கத்தில் முகத்துக்கும் கைக்கும் தாராளமான இடம். காலுக்கானது மூளையின் இரு பாதிகளுக்கு இடையிலான நடுப்பிளவுக்குள் மறைந்திருக்கிறது. அதற்கு ரத்தம் தரும் முன் பெருமூளைத் தமனி அடைத்தால் கால்தான் இழுக்கும், கை ஓரளவு தப்பும். மூட்டுவலி என்று எண்ணெய் தேய்த்து நாளைக் கடத்துவது இந்த வகையில்தான்.

மூன்றும் ஒரே அளவில் விழுந்து, தொடுஉணர்வும் பேச்சைப் புரிந்துகொள்வதும் சரியாக இருந்தால் பெரும்பாலும் மூளையின் ஆழத்தில் உள்ள இன்டர்னல் கேப்சூல். இழைகள் கற்றையாக நெருங்கிப் போகும் இடம் அது. ஒன்றரை சென்டிமீட்டர்கூட இல்லாத அடைப்பு ஒரு பக்கத்தையே சாய்த்துவிடும். "சின்ன அடைப்புன்னு சொன்னீய, கை காலே அசையலையே" என்று வீட்டார் கேட்பது நியாயமான கேள்வி. அளவு அல்ல, இடம்தான் காரணம். இடது இமை தொங்கி வலது கை கால் விழுந்தால் அடைப்பு நடுமூளையில்.

லேசான பலவீனத்தைக் கண்டுபிடிக்க, கண்ணை மூடி இரு கைகளையும் உள்ளங்கை மேலே பார்க்க நீட்டச் சொல்லி பத்து விநாடி பார்க்க வேண்டும். பலவீனமான கை மெல்ல உட்புறம் திரும்பித் தாழும். வாய் கோணலோடு நெற்றியும் சுருங்கவில்லை என்றால் பெரும்பாலும் அது மூளைக் கோளாறல்ல, முகநரம்பு வாதம். சர்க்கரை குறைந்தாலும் ஒரு பக்கம் விழலாம்; ஆகவே விரல் குத்திப் பார்ப்பதை விடக்கூடாது.

எங்கள் கணக்கில் அதிக நேரத்தைத் தின்பது வலது மூளைப் பாதிப்பு. இடது கை செத்துக் கிடக்கும், "எனக்கு ஒண்ணுமில்ல" என்பார் நோயாளி. வீட்டாரும் நம்பிவிடுவார்கள்.

கட்டியைக் கரைக்கும் ஊசிக்கு வழக்கமான கெடு நாலரை மணி நேரம். "எப்ப வந்துச்சு?" என்று கேட்டால் "காலைல அஞ்சு மணிக்கு" என்பார்கள், அது கண்ணில் பட்ட நேரம். கடைசியாக நன்றாக இருந்தது எப்போது என்று கேட்க வேண்டும். ராத்திரி பத்துக்குப் படுத்தவர் என்றால் கெடு இரண்டரைக்கே முடிந்தது. மூன்று மணிக்கு ஒண்ணுக்கு எழுந்து ஒழுங்காக நடந்தார் என்று யாராவது சொன்னால், ஏழரை வரை நேரம் இருக்கிறது.