லிங்கத்தின் மேல் விழும் சித்திரை வெயில்

கும்பகோணம் நாகேசுவரன் கோயிலில் சித்திரை 11, 12, 13 காலையில் மூலவர் மேல் சூரிய ஒளி விழும். சூரியனே வந்து பூஜை செய்வதாக ஐதீகம். இதைப் பற்றி இரண்டு விதமாகப் பேசுவார்கள். விஞ்ஞானத்துக்கு எட்டாத அதிசயம் என்பார்கள் சிலர். வாசல் கிழக்கே இருந்தால் வெயில் வரத்தானே செய்யும் என்பார்கள் மற்றவர்கள். இரண்டு தரப்பும் கணக்குப் போட்டுப் பார்த்த மாதிரி தெரியவில்லை.

வாசல் நேர்கிழக்கே பார்த்திருந்தால் உதய வெயில் மார்ச் 21, செப்டம்பர் 23 ஒட்டித்தான் நேராக உள்ளே வரும். சித்திரை 11 என்பது ஏப்ரல் 24 வாக்கு. அன்று கும்பகோணத்தில் சூரியன் உதிப்பது நேர்கிழக்குக்கு ஏறத்தாழ 13 பாகை வடக்கே. கருவறையிலிருந்து வாசலுக்குப் போகும் கோடும் அந்தப் பக்கம் சாய்ந்திருந்தால்தான் ஒளி லிங்கத்தைத் தொடும்.

சரி, ஏன் மூன்றே நாள்? லிங்கத்திலிருந்து 60 மீட்டர் தள்ளி 1 மீட்டர் அகலத்தில் ஒரு வாசல் என்று வைத்துக்கொள்வோம். லிங்கம் இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் அந்த இடைவெளி 1 பாகைகூட வராது. அந்தச் சமயத்தில் உதயப் புள்ளி நாளுக்கு மூன்றில் ஒரு பாகை வடக்கே நகர்கிறது. ஆக, மூன்று நாள். வாசல் நிலையின் மேல்விளிம்பு லிங்கத்தைவிட 2.5 மீட்டர் உயரத்தில் இருந்தால், சூரியன் 2.4 பாகை ஏறும்வரைதான் ஒளி எட்டும். 1 பாகை ஏற 4 நிமிடம். பத்து நிமிடத்தில் எல்லாம் முடிந்துவிடும். தூரம் பாதியானால் நாளும் நேரமும் இரட்டிப்பாகும். இதே வாசலை ஜூன் 21 உதயத்துக்கு நேராக வைத்தால் மூன்று வாரத்துக்கு மேல் வெயில் விழுந்துகொண்டே இருக்கும், ஏனென்றால் அப்போது சூரியன் வடக்கு எல்லையில் ஏறக்குறைய நின்றுவிடுகிறது. தினம் தினம் நடந்தால் திருவிழா ஏது!

இதோடு நின்றிருந்தால் வெறும் கோணக் கணக்கு என்று விட்டுவிடலாம். ஆனால் வெயில் பருவத்தோடு போகிறது, தமிழ் மாதமோ நட்சத்திரங்களோடு போகிறது. பூமியின் அச்சு சுமார் 26,000 ஆண்டுக்கு ஒருமுறை வட்டமிடுவதால் இரண்டுக்கும் நடுவே ஏறத்தாழ 70 ஆண்டுக்கு ஒரு நாள் விலகல் விழும். இந்தக் கோயில் 9ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில், முதலாம் ஆதித்த சோழன் காலத்தில் எழுந்தது. கட்டுமானத்தின் கோடு மாறவில்லை என்றால், அன்று இதே கதிர் சித்திரைக் கடைசி வாரத்தில்தான் விழுந்திருக்கும். இடையில் வந்தவர்கள் பஞ்சாங்கத்தை மட்டும் நம்பியிருக்க முடியாது. லிங்கத்தைப் பார்த்துத்தான் தேதியைத் திருத்தியிருக்க வேண்டும். அதிசயம் என்று ஒன்றைச் சொல்லச் சொன்னால் நான் இதைத்தான் சொல்வேன். விடியலில் சந்நிதியில் நின்று கவனிப்பதைப் பக்தி என்றும் வானியல் என்றும் பிரித்துப் பார்க்க அவர்களுக்குத் தேவையே இருந்திருக்காது.

பெங்களூரு கவி கங்காதரேசுவரர் குகைக் கோயிலுக்கும் இந்தச் சிக்கல் காத்திருக்கிறது. அங்கே மகர சங்கராந்தி மாலையில் நந்தியின் கொம்புகளுக்கு நடுவே வெயில் புகுந்து லிங்கத்தைத் தொடும். இன்னும் 500 ஆண்டில் சங்கராந்தி ஏறக்குறைய ஒரு வாரம் தள்ளிப்போயிருக்கும், வெயிலோ ஜனவரி நடுவிலேயே வந்துபோகும்.

கும்பகோணத்துக் கணக்கைச் சோதித்துப் பார்க்க ஒரு வழி உண்டு. ஏப்ரல் 24, ஜூன் 21க்கு 58 நாள் முன்பு. அதே 58 நாள் பின்னால் போனால் ஆகஸ்ட் 18, அதாவது ஆவணி முதல் வாரம். சூரியன் அன்றும் அதே இடத்தில்தான் உதிக்கும், ஆக லிங்கத்தின் மேல் அன்றும் ஒளி விழ வேண்டும். கருவறையிலிருந்து வாசலுக்குப் போகும் கோடு எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அளக்கச் செல்போன் திசைகாட்டியை நம்ப வேண்டாம்; இரும்புக் கம்பிக் கதவு பக்கத்தில் இருந்தாலே முள் தடுமாறும். செயற்கைக்கோள் வரைபடத்தில் கோயிலின் நீளவாக்கில் கோடிட்டுக் கோணம் பார்ப்பது மேல். கிழக்கே மரமோ மாடி வீடோ 2 பாகை உயரத்தை மறைத்துவிட்டால், மேலே போட்ட கணக்கின்படி மிச்சமிருப்பது இரண்டு நிமிடம்கூட இல்லை.